என் வீட்டுக்காரரின் மூளையைப் பார்த்த நாள்

வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோதுதான் என் வீட்டுக்காரருக்கு முதலில் மூக்கில் ரத்தம் வந்தது. சூடு என்றார். எங்கள் ஊர் எருத்தேன்பதி வெயிலுக்கு அப்படியும் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாற்றம் பரவியும், அங்கேயே உட்கார்ந்திருந்த அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் பயம் பிடித்தது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூக்கிலிருந்து சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய். மூக்கின் கூரையில் முளைத்து, மூளையைத் தாங்கும் எலும்பை அரித்திருந்தது. மண்டையைத் திறப்பார்கள் என்று நினைத்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா அப்படியில்லை என்றார். மூக்குத் துவாரம் வழியாகவே கேமராவும் கருவிகளும் போகும். கட்டியோடு அந்த எலும்பையும் எடுத்துவிட்டு, தொடையிலிருந்து சவ்வு எடுத்து ஓட்டையை அடைப்பார்கள். வாசனை மட்டும் திரும்பி வராது.

"வாசம் போனாப் போகுதுங்க. கண்ணு தெரியுமுங்களா?" என்று கேட்டார் அவர்.

"கண்ணுக்குப் பக்கத்துலதான் வேலை. கவனமா இருப்போம்" என்றார் டாக்டரம்மா. வேறு உறுதி எதுவும் தரவில்லை. அதனாலேயே அவரை நம்பினேன்.

ஆபரேஷன் அன்று காலையில் உள்ளே போன என் வீட்டுக்காரர் பொழுது சாயும்போதுதான் வெளியே வந்தார். மூக்கில் பஞ்சு, தொடையில் கட்டு. முகத்தில் ஒரு கீறல் இல்லை. கண்ணைத் திறந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனாங்களா?" என்றார். காட்டியாயிற்று என்றேன். உண்மையில் யாரையும் கேட்டிருக்கவில்லை.

மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் உடனே சொல்லவேண்டும், அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம் என்றார்கள். அவர் தலையணையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டரம்மா ஆபரேஷன் வீடியோவைக் காட்டினார். சிவந்த குகைபோல ஒரு வழி. எலும்பை எடுத்த இடத்தில், மெல்லிய ரத்தக்குழாய்கள் ஓட, வெளிறிய ஏதோ ஒன்று மெல்ல எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது.

"மூளைங்களா?" என்றேன். தலையசைத்தார்.

இத்தனை வருஷம் என்னோடு சண்டை போட்டது, பிள்ளைகளுக்குப் பெயர் யோசித்தது எல்லாம் அதுதான். அதன் அடிவரை மனிதக் கைகள் போய், நோயை எடுத்துவிட்டு, அவரை அவராகவே திருப்பித் தந்திருக்கின்றன. என்னையறியாமல் கும்பிட்டேன். டாக்டரம்மாவையா, திரையிலிருந்ததையா என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அப்ப நான் எங்கீங்க இருந்தேன்?" என்று கேட்டார்.

டாக்டரம்மா சிரித்தார்.

அதன்பின் கதிர்வீச்சு. வாய் வறண்டு, கஞ்சியிலேயே நாட்கள் போயின. போன ஸ்கேனில் எதுவும் இல்லை. இன்னும் பல வருஷம் போய்க் காட்டிக்கொண்டே இருக்கவேண்டுமாம். இப்போது தக்காளி நட்டிருக்கிறோம். தோட்டத்துக்கு அவரேதான் போகிறார்.