சவரிநாதன் நம்பிய சிவப்பு எண்

டி.ஆர்.ஓ. என்றால் கலெக்டர் ஆபீசில் உட்காரும் அதிகாரி என்றுதான் திண்டிவனத்தில் பாதிப் பேர் நினைப்பார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அது மில்லிங் மெஷின் தலைமாட்டில் தொங்கும் பெட்டி. கைச்சக்கரத்தைச் சுற்றி மேசையை நகர்த்தினால், எவ்வளவு நகர்ந்தது என்று சிவப்பு எண்ணில் காட்டும். அந்த எண்ணை நம்பித்தான் சவரிநாதன் குடும்பம் நடத்தினார்.

1993-ல் நானும் அவரும் ஒன்றாக அரங்கநாதன் முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு லேத், அவருக்கு மில்லிங். சாப்பாட்டில் கருவாடு இல்லாவிட்டால் அன்று முழுவதும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். தன் மெஷினைத் துடைக்கும் துணியைக்கூட அடுத்தவனுக்குத் தர மாட்டார். அப்படி ஒரு கஞ்சம். ஆனால் ஆயுத பூஜை வந்தால், கிறிஸ்தவ வேதக்காரர் என்று ஒதுங்கி நிற்க மாட்டார். எங்களுக்கு முன்னால் குளித்துவிட்டு வந்து நிற்பார்.

எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் மெஷினுக்கு அவரவர் கையால்தான் சந்தனம் வைக்க வேண்டும். அடுத்தவன் வைத்தால் மெஷின் கோபித்துக்கொள்ளும் என்பார் முதலாளி. சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் யாரும் மீற மாட்டோம்.

2008-ல் பூஜை முடிந்து ஷாப்பைத் திறந்ததும் விக்கிரவாண்டியிலிருந்து ஒரு கியர்பாக்ஸ் கூடு வந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆட்டும் செக்கினுடையது. பழங்காலத்து வார்ப்பு, மாற்று கிடைக்காது. ஒரு துளை இடம் தப்பினாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அதை மேசைமேல் ஏற்றிக் கட்டிவிட்டு சவரிநாதன் டீ குடிக்கக்கூட வரவில்லை. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"தேவா, ஜல்தி இங்க வா."

முகம் வெளிறிப்போயிருந்தது.

"எங்க கெளம்புனனோ அங்கியே திரும்பி வந்து நிக்கிறேன். ஜீரோ வரல. ஒரு வாட்டி ஒண்ணு காட்டுது, மறு வாட்டி வேற காட்டுது."

"பொட்டி போனா போவுதுண்ணே. கைச்சக்கரத்துல டயல் கீதே, அந்தக் கோட்டப் பாத்து ஓட்டு. பொட்டி வர்றதுக்கு முன்ன அப்டித்தான ஓட்டுன?"

அவர் முதலாளி எங்கே இருக்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கோடு எனக்குத் தெரியல, தேவா. ரெண்டு வருசமா தெரியல. சுகர் கண்ணுல ஏறிடுச்சி. இந்த செவப்பு நெம்பர்தான் என் கண்ணு."

எண் காட்டும் வெர்னியர் அளவுகோலை அவர் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. எங்களோடு கிரைண்டிங் மெஷினில் இருந்த விருத்தாசலம் என்பவருக்குப் பார்வை மங்கியது தெரிந்த அன்றே முதலாளி கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். 'கண்ணு போனவன் மெஷின்ல கைய உட்டுருவான், அந்தப் பாவம் எனக்கு வாணாம்' என்றார். விருத்தாசலம் இப்போது டோல்கேட்டில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறார். சவரிநாதனின் மகள் மெர்லின் விழுப்புரத்தில் நர்சிங் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

சென்னையிலிருந்து மெக்கானிக்கை வரச் சொல்லலாம். ஆனால் அவன் வரும்வரை டயலைப் பார்த்து ஓட்டு என்பார் முதலாளி. அதோடு எல்லாம் வெளியே வந்துவிடும். நாங்களேதான் பார்த்தாக வேண்டும்.

கோளாறு பெட்டியிலா, மேசையோடு பொருத்தி நகர்வை அளக்கும் ஸ்கேலிலா என்பது முதல் கேள்வி. கரண்டை அணைத்துவிட்டு, பெட்டியின் பின்னால் நீளத்து ஸ்கேலிலிருந்தும் குறுக்கு ஸ்கேலிலிருந்தும் வரும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றிச் செருகினேன். மேசையை நீளவாக்கில் ஓட்டியபோது நீளத்தின் எண் இப்போது குறுக்கின் வரிசையில் ஓடியது. திரும்பி வந்தபோது அங்கேயும் ஜீரோ வரவில்லை. பெட்டி நன்றாகத்தான் இருந்தது. கோளாறு ஸ்கேலோடு வந்திருந்தது.

ஒயரைத் தடவிப் பார்த்தேன், எங்கும் நசுங்கவில்லை. திருகாணிகளும் இறுக்கமாக இருந்தன. சவரிநாதன் அந்தோணியாரை முணுமுணுப்பாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னடா, ரெண்டு பேரும் மெஷினுக்குப் பேன் பாத்துக்கினு கீறீங்களா?"

முதலாளி பின்னால் வந்து நின்றார். ஸ்கேலில் ஏதோ கோளாறு என்று சொல்லி மழுப்பினேன்.

"அப்ப தொறந்து பாரு. நானும் பாக்குறேன்."

ஸ்கேல் என்பது நீளமான அலுமினியக் கூடு. உள்ளே கண்ணாடிப் பட்டை. அதிலுள்ள நுண்ணிய கோடுகளை ஒரு சின்னத் தலை ஊர்ந்து எண்ணும். தலை ஊர்வதற்காகக் கூட்டில் ஒரு பிளவு, அதை மூடக் கறுப்பு ரப்பர். பிளவு கீழ்நோக்கி இருந்திருக்க வேண்டும். இடம் போதாததால் எங்கள் மெஷினில் முன்பக்கம் பார்த்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

முனையைக் கழற்றி டார்ச் அடித்தேன். கண்ணாடியில் மஞ்சளாக ஏதோ இழுபட்டுக் காய்ந்திருந்தது. நடுவே குங்குமச் சிவப்பு.

முதலாளியும் குனிந்து பார்த்தார். ரப்பர் இடுக்கிலும் சந்தனம் ஒட்டியிருந்தது.

யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

"அலுமினியத்துல இம்மாம் பெரிய வெள்ளை எடம் கீது. கறுப்புக் கோட்டுலயா கொண்டாந்து அப்புவ?" என்றவர், கைச்சக்கரத்தைக் காட்டினார். "டயல்ல என்னா நிக்கிது, படி."

சவரிநாதன் குனிந்தார். மூக்கு டயலில் முட்டும் அளவுக்குக் குனிந்தார். படிப்பதுபோல ஒருமுறை உதட்டை அசைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியல, மொதலாளி."

முதலாளி போய் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து வந்தார். அதை என்னிடம் நீட்டி, "கண்ணாடியத் தொடச்சி மாட்டு" என்றார்.

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து மாட்டினேன். மேசையைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தேன். ஜீரோ. மறுபடியும் ஓட்டினேன். ஜீரோதான். சவரிநாதன் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே அழுதார்.

"இந்த வேலைய முடிங்க. எதுக்கும் டயலயும் தேவநாதன் படிக்கட்டும். நாளைக்கி நீ பாண்டிச்சேரி போய்க் கண்ணக் காட்டு. வந்தப்புறம் பேசிக்கலாம்" என்றார் முதலாளி.

அந்தக் கடைசி வார்த்தை சவரிநாதனைப் பிடித்துக்கொண்டது. "என்னா பேசுவாரு, தேவா?" என்று துளைக்குத் துளை கேட்டார். எனக்கென்ன தெரியும்? கூடு பழுதில்லாமல் விக்கிரவாண்டி போய்ச் சேர்ந்தது. பாண்டிச்சேரியில் லேசர் வைத்ததில் சவரிநாதனுக்கு ஒரு கண் தங்கியது. முதலாளி கடைசிவரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. விருத்தாசலத்தை அனுப்பியது அவரையும் உறுத்தியிருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். சவரிநாதன் மட்டும் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கைவேலையை நிறுத்திவிடுவார்.

அடுத்த பூஜையில் அவர் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"நீ வெய்யி, தேவா. மெஷின் கோச்சிக்கினா கோச்சிக்கட்டும்."

அன்றுமுதல் நான்தான் வைக்கிறேன். 2015 பூஜையில் கட்டைவிரலில் சந்தனத்தோடு குனிந்தபோது, அந்தக் கறுப்புக் கோடு என் கண்ணுக்குத் தெரியவில்லை. இடது கையால் தடவி ரப்பர் எங்கே என்று பார்த்துவிட்டு, தள்ளி வைத்தேன். யாராவது கவனித்தார்களா என்று திரும்பினேன்.

முதலாளி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.