டர்போ ஆறும் வரை

எங்கள் வீட்டுக் கார் டீசல் கார், டர்போ வைத்தது. என் கணவர் வாங்கும்போதே அது பழைய வண்டி. மருந்துக் கம்பெனி ஒன்றின் பிரதிநிதியாக அவர் டாக்டர்களைப் பார்க்கத் தூத்துக்குடி, சாத்தான்குளம், அம்பாசமுத்திரம், நாகர்கோவில் என்று வாரம் முழுக்க ஓடுவார். பைக்கில் அலைந்து முதுகு போன பிறகுதான் இந்தக் காரை வாங்கினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள் நான். அந்தக் காரை எனக்கு முதல் வாரமே பிடிக்கவில்லை. வாசலில் வந்து நின்ற பிறகும் அவர் அதிலிருந்து இறங்க மாட்டார்.

“வண்டி நின்னாச்சுல்லா? அங்கன உக்காந்து என்ன செய்யுதிய?” என்று கேட்டேன்.

“டர்போ ஆறட்டும்ட்டி,” என்றார்.

அன்று சாப்பிடும்போது எனக்கு ஒரு பாடமே நடந்தது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போவுக்குள் ஒரு சின்னச் சக்கரம் கண்மண் தெரியாமல் சுற்றுமாம். அது சுற்றினால்தான் எஞ்சினுக்குள் காற்று அழுத்தமாகப் போகும், வண்டிக்கு இழுவை கிடைக்கும். சக்கரத்தின் அச்சைக் காப்பாற்றுவது அதன் வழியாக ஓடும் எஞ்சின் ஆயில். நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து பட்டென்று அணைத்துவிட்டால் ஆயில் ஓட்டம் நின்றுபோகும், அங்கே தங்கியது சூட்டில் கருகிக் கட்டியாகும். அடுப்பை விட்டு இறக்க மறந்த சட்டியில் எண்ணெய் பிடித்துக்கொள்வதுபோல என்றார். அதனால் இரண்டு மூன்று நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, அப்புறம்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.

“எஞ்சினுக்குப் பார்க்கிற பக்குவத்துல பாதி எனக்குப் பாத்திருந்தா நான் தங்கச் சிலையா இருப்பேன்,” என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

போகப் போக அந்த நிமிடங்களுக்கு நானும் ஒரு வேலை கண்டுபிடித்தேன். அவருக்குச் சோற்றோடு அப்பளம் வேண்டும், அதுவும் சட்டியிலிருந்து நேராக இலைக்கு வந்ததாக இருக்க வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கம் போகிற நாளில் கல்லிடைக்குறிச்சியில் இறங்கிக் கட்டுக் கட்டாக வாங்கி வருவார். வாசலில் எஞ்சின் கடகடவென்று நின்று ஓடும் சத்தம் கேட்டதும் நான் எண்ணெயைக் காயவைப்பேன். மூன்றாவது அப்பளம் பொரியும்போது எஞ்சின் அணையும். செருப்புச் சத்தம் கேட்கும். ஒரு நாளும் தப்பியதில்லை.

ஒரே ஒரு நாள் தப்பியது. சில வருடங்களுக்கு முன் அவர் வண்டியை நிறுத்திய கையோடு உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்கூடக் காயவில்லை. “இன்னைக்கு மட்டும் என்ன அவசரம்? டர்போ கருகாதா?” என்று நன்றாக ஏசிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மறுநாளிலிருந்து பழையபடி வண்டியிலேயே இருந்துவிட்டு வந்தார்.

காரை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கார்க் கம்பெனி சொன்ன தூரம் ஓடி முடிவதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிடுவார். ஐப்பசி மழை தொடங்கினால் டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடிக்காமல் வெளியூர் கிளம்ப மாட்டார். டைமிங் பெல்ட் அறுந்தால் எஞ்சினே போய்விடும் என்று, பார்க்க நன்றாக இருக்கும்போதே கழற்றிப் புதிது போடச் சொல்வார். கறுப்புப் புகை வந்தால் எங்கோ காற்றுக் குழாய் கிழிந்திருக்கிறது, நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இதெல்லாம் எனக்கே மனப்பாடம். ஊரெல்லாம் பிரஷர் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்த மனிதர், தன் பிரஷரை மட்டும் பார்த்ததில்லை. அதையும் ஏசியிருக்கிறேன், ஆனால் சாப்பாடு ஆறுவதற்கு ஏசிய அளவுக்கு ஏசவில்லை.

போன சித்திரையில் ஒரு நாள் நாகர்கோவிலிலிருந்து மதியம் திரும்பினார். ஒன்றரை மணி இருக்கும், வெயில் கொளுத்தியது. வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டது, நான் எண்ணெயை வைத்தேன். மூன்று அப்பளமும் பொரிந்தன. எஞ்சின் அணையவில்லை. நாற்கரச் சாலையில் வேகமாக வந்திருப்பார், கூடக் கொஞ்ச நேரம் ஆறவிடுகிறார் என்று நினைத்தேன். அப்பளம் நமத்துப்போனது. எரிச்சலோடு இன்னும் இரண்டு பொரித்தேன். அதுவும் நமத்தது. அடுப்படியிலிருந்தே கத்தினேன்: “அந்த வண்டியையே கட்டிக்கிட்டு அங்கனயே கெடங்க.”

எஞ்சின் ஒரு பிசிறு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கால் மணி நேரம் கழித்து வெளியே போனேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் அவர் பக்கத்துக் கண்ணாடி நாலு விரல் இறங்கியிருந்தது. பெல்ட் போட்டபடி தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, “சாப்பாடு ஆறுது,” என்றேன். பிறகு கதவைத் திறந்து அவரைத் தொட்டேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஓடி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

மாரடைப்பு என்றார்கள். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று நான் கேட்டதற்கு அந்த டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அதிலிருந்து என் மனத்தில் அந்தக் கால் மணி நேரம் மட்டும்தான் ஓடுகிறது. டர்போ ஆறட்டும் என்று நான் அடுப்படியில் நின்ற நேரம் அது.

காரை விற்றுவிடச் சொல்லிப் பெங்களூரிலிருக்கும் மகள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவழியாக மனம் துணிந்து, மேலப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாயிடம், அவர் கற்றுக்கொடுத்த பழக்கத்தில் நானே வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். வாங்கியதிலிருந்து அதில் கை வைத்தவர் அவர் ஒருவர்தான். காற்றுக் குழாயைக் கழற்றி டர்போ அச்சை விரலால் அசைத்துப் பார்த்தார்.

“கொஞ்சங்கூட ஆட்டம் இல்ல டீச்சர். அண்ணாச்சி வச்சிருந்த வண்டில்லா,” என்றார்.

யாரிடமும் கேட்காததை அவரிடம் கேட்டேன். “நாகர்கோவில்ல இருந்து வந்தா, எவ்வளவு நேரம் ஆறவிடணும் பாய்?”

“தனியா ஆறவிடவே வேண்டாமே. நாற்கரச் சாலைய விட்டு இறங்கி, ஊருக்குள்ள பைய உருட்டிட்டு வருதோம்லா, அதுலயே ஆறிரும். வாசல்ல நிப்பாட்டிப் போடுறது சும்மா டீசலுக்குக் கேடு.”

“அப்ப அவிய ஏன் உக்காந்திருந்தாவ?”

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார். “அண்ணாச்சிக்கும் தெரியும் டீச்சர். நாலஞ்சு வருசத்துக்கு முன்னயே நான் சொல்லிட்டேன். ஒரு நாள் உடனே இறங்கிப் போயி உங்கட்ட ஏச்சு வாங்கினாவளாம். ‘டர்போ எப்பமோ ஆறிருது பாய், எனக்கு அப்பளம்லா பொரியணும்’னு சொல்லுவாவ. கண்ணாடிய நாலு விரல் இறக்கி வச்சிட்டு உக்காந்திருப்பாவளாம். வாசம் வந்ததும் அணைச்சிட்டு இறங்குவாவளாம்.”

வண்டியை விற்கவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். வாசலில் நிறுத்திவிட்டு அவர் சீட்டிலேயே வெகுநேரம் இருந்தேன்.

அன்றைக்கும் கண்ணாடி நாலு விரல் இறங்கியிருந்தது. அப்படியென்றால் வாசலுக்கு வரும்போது நன்றாகத்தான் இருந்திருக்கிறார், அப்பளத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். மூன்று அப்பளத்தின் வாசம் வாசலுக்கு வந்தும் அவர் இறங்கவில்லை. வாசத்துக்காகத்தான் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்த நிமிடமே வாசலுக்கு ஓடியிருப்பேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஏசுகிறவளாக இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.