பக்கவாட்டில் ஒட்டிய கட்டம்

கட்டக்காரர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் யார் என்ன சொன்னாலும் கடைசியிலும் இதையேதான் சொல்வேன். ஆனால் தப்புச் செய்தார். அதையும் மூடி மறைக்கப் போவதில்லை.

ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துவது அவருடைய வேலை. அதன் கடைசிப் பக்கத்துக் குறுக்கெழுத்துப் போட்டியும் பத்தொன்பது வருடமாக அவர் கைவேலைதான். அதனால் வந்ததுதான் அந்தப் பட்டப்பெயர். கோபம் வந்தால் மனைவியும் அப்படியே கூப்பிடுவாள்.

போட்டி விஷயத்தில் அவர் பிடித்த பிடியை விடமாட்டார். தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் நிற்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அது கட்டமே இல்லை. வாசகர்களில் சிலர் தாங்களே போட்டி தயாரித்து அனுப்புவார்கள். அந்தத் தாள்களை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, குறைகளை மட்டும் சிவப்பு மையில் எழுதித் தபாலில் சேர்ப்பார்.

அப்படி ஒரு நாள் வந்தது ஒரு கட்டம். நாலு எடைச்சீட்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, அவற்றின் முதுகில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. அனுப்பியவள் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் சீட்டு எழுதுகிறவள். வாரா வாரம் விடை அனுப்புகிறவள்தான். நீலப் பேனாவில், ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. போட்டி தயாரித்து அனுப்பியது அதுதான் முதல் தடவை.

பார்த்ததும் கட்டக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். நாலு பக்கத்திலிருந்தும் நாலு நீளச் சொற்கள் வந்து நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. பத்தொன்பது வருடத்தில் அவருக்குப் பிடிபடாத வித்தை அது. ஒரே ஒரு கறுப்புக் கட்டத்துக்குத்தான் எதிர்மூலையில் ஜோடி இல்லை. அந்த ஓட்டை கண்ணில் பட்டதும் அவருக்கு உயிர் வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தார். ‘கட்டம் நொண்டுகிறது’ என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினார். அதோடு விட்டாரா? கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: ‘இது உங்களுக்கு வராது. விடை அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.’

எட்டு மாதம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். கட்டக்காரரின் தலையோ கழுவிக் கவிழ்த்த பாத்திரம். அச்சுக்கூடத்து மேஸ்திரி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“என்ன சார், இந்த வாரம் வெறும் கறுப்பாவே அடிச்சிடலாமா?”

கட்டக்காரர் இழுப்பறையைத் திறந்தார். எடைச்சீட்டுத் தாளை எடுத்தார். ஜோடி இல்லாத கட்டத்துக்கு ஒரு ஜோடி வைத்தார். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று மொத்தக் கட்டத்தையும் கால் சுற்று திருப்பினார். சொற்களை மட்டும் தன்னுடையவையாக நிரப்பினார். ‘சொல்லெல்லாம் என்னுது. வெறும் கறுப்புச் சதுரத்துக்கு யார் பட்டா வச்சிருக்கா?’ என்று மனசுக்குள் வாதாடினார். வாதாட வேண்டியிருந்தபோதே தெரிந்திருக்க வேண்டாமா?

அந்த வாரம் பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. இப்படி ஒரு கட்டத்தைப் பார்த்ததே இல்லை என்று எழுதியிருந்தார்கள். கட்டக்காரர் ஒன்றைப் பாதி படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

“ஊரே மெச்சுது, நீங்க எதுக்கு விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கீங்க?” என்றாள் மனைவி.

“பல்வலி.”

“எந்தப் பல்லு? போன வாரந்தான ரெண்டையும் பிடுங்கிட்டு வந்தீங்க?”

அடுத்த நாள் எடைமேடைக்காரியின் விடையட்டை வந்தது. விடைகள் எல்லாம் சரி. ஆனால் பத்திரிகையிலிருந்து வெட்டிய கட்டத்தைப் பக்கவாட்டில் ஒட்டியிருந்தாள். தபால் பிரிக்கிற பெண் சிரித்தாள்: “பாவம், அவசரத்துல கோணையா ஒட்டிட்டாங்க போல.”

கட்டக்காரர் சிரிக்கவில்லை. அவர் எவ்வளவு திருப்பினாரோ, அவ்வளவையும் அவள் திருப்பி வைத்திருந்தாள். வேறொரு வார்த்தை எழுதவில்லை. எழுதித் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். நாலு நாள் அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தார். ஐந்தாம் நாள் எடைச்சீட்டுத் தாளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தூசி பறக்கிற சாலையோரத்தில் ஒரு கண்ணாடி அறை. அதன் முன்னால் இரும்பு மேடை. எதில் நிற்கிறோம் என்று தெரியாமல் கட்டக்காரர் மேடை மேலேயே நின்றுவிட்டார். பின்னால் லாரி ஓட்டுநர் கத்தினான்.

“யோவ், எறங்குய்யா! ஒன் எடையையும் என் தலையிலயா கட்டப் போறாங்க?”

ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஐம்பது வயதிருக்கும்.

“என்ன அண்ணே, உங்க வண்டி எங்க?”

“வண்டி இல்லம்மா. நான்... பத்திரிகையில கட்டம் போடறவன்.”

அவள் லாரியின் எடையைக் குறித்து, சீட்டைக் கிழித்துக் கொடுத்து, அது நகர்ந்த பிறகுதான் திரும்பினாள்.

“ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

அவர் தாளை நீட்டினார். “உங்க கட்டத்த எடுத்துப் போட்டுட்டேன். தப்பு.”

“தெரியும். நீங்க வச்ச அந்த ஒரு கட்டம் சரியான எடம். அது எனக்குத் தோணாமப் போச்சு. குறை சொன்னதுல எனக்கு வருத்தமே இல்ல.” அவள் தாளைத் தடவிப் பார்த்தாள். “எடுத்தது கூடப் போகட்டும். வராதுன்னு ஏன் எழுதினீங்க? வந்ததனாலதான எடுத்தீங்க?”

அவர் சட்டைப்பையிலிருந்து அவளுடைய விடையட்டையை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

“விடையெல்லாம் பேனாவுலதான் எழுதுவேன். கட்டம் போடத்தான் பென்சில். அந்த வரியப் படிச்சதுலேர்ந்து பென்சிலத் தொடல அண்ணே. தொட்டா உங்க சிவப்பு மைதான் தெரியுது.” அடுத்த லாரி ஏறியது. “நகருங்க, வேலை இருக்கு.”

திரும்பி வந்தவர் நேராகப் பத்திரிகை ஆசிரியரிடம் போய், நடந்ததை அச்சில் போட வேண்டும் என்றார்.

“யாருக்குய்யா தெரியப் போவுது?” என்றார் ஆசிரியர்.

“ரெண்டு பேருக்குத் தெரியும் சார். அதுல ஒருத்தன் நான்.”

அடுத்த இதழில், விடைகளுக்குக் கீழே, நாலு வரி வந்தது. அந்தக் கட்டம் யாருடையது, அதை யார் எடுத்தது, வராது என்று எழுதியது யார், எல்லாம். ஆசிரியர் கோபத்தில் போட்டியின் தலைப்பிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார். ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை; பெயரில்லாமலே போட்டியைத் தயாரித்துக் கொடுத்தார்.

எடைமேடைக்காரியின் அட்டை வாரா வாரம் வந்தது. கட்டம் நேராக ஒட்டியிருந்தது. நீலப் பேனா விடைகள், வேறொன்றுமில்லை. கட்டக்காரர் ஒவ்வொரு அட்டையையும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்ப்பார். சிவப்புப் பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டார். போட்டால் என்ன, எழுதின வரி அழிந்துவிடுமா?

பன்னிரண்டாம் வாரத்து அட்டையை அவர் வீட்டுக்கே எடுத்துப் போனார். விடைகளுக்கு அடியில் ஒரு வரி இருந்தது: ‘ஏழாவது குறிப்பு படு மோசம்.’

“இதப் போயா பெருமையா காட்டறீங்க? திட்டில்ல எழுதியிருக்காங்க!” என்றாள் மனைவி.

“ஆமா, திட்டுதான்” என்றார் கட்டக்காரர். “பென்சில்ல எழுதியிருக்காங்க, பாரு.”