லாத்தா சொன்ன இன்ஷா அல்லாஹ்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். எனக்குப் படிப்பு குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இறைவன் பெயர் சேர்ந்த ஒரு சொல் இதில் வருகிறது. எழுதும்போது வார்த்தை பிசகிவிடுமோ என்ற பயம். சம்பந்தப்பட்டவளே எழுதச் சொன்ன பிறகு, பிஸ்மி சொல்லித் தொடங்குகிறேன். பிழை இருந்தால் அது என்னுடையது.

அப்போது எனக்கு எட்டு வயது. ஃபேரர் பார்க்கில் சின்ன வீடு. பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளை வேறு குடும்பங்களில் விட்டு வளர்க்கும் ஏற்பாட்டில், பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். அவளும் எனக்கு லாத்தா ஆனாள். "நம்மள நம்பி ஒப்படைச்ச அமானிதம், பத்திரமாப் பாத்துக்கணும்" என்று வாப்பா சொன்னதிலிருந்து, கண்ணாடிப் பாத்திரம் இருக்கும் அறையில் நடப்பதுபோல அவளைச் சுற்றி நடந்தேன். அவளுக்கு ஒரு தம்பி. செங்காங்கில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் இருந்தான். வாரக் கடைசியில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மற்றபடி அவள் பேசுவதே அபூர்வம். எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள்.

இன்ஷா அல்லாஹ் என்றால் இறைவன் நாடினால் என்று பொருள்; எங்கள் வீட்டில் அதற்கு இரண்டு அர்த்தம் இருந்தது. ஹஜ்ஜைப் பற்றிப் பேசும்போது உம்மா சொன்னால் அது நிஜமான ஆசை. கடையில் நான் பொம்மையைக் காட்டும்போது சொன்னால், கையை எடு, கிடைக்காது என்று பொருள். பாவம் உம்மா. பிள்ளையிடம் இல்லை என்று நேராகச் சொல்ல மனம் வராமல் இறைவனைக் குறுக்கே நிறுத்திவிடுவார்.

லாத்தா வந்து ஒரு வருஷம் ஆனதும், அவள் விஷயத்தைக் கவனிக்கும் அதிகாரி ஒரு நாள் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு வந்தார். தமிழ்ப் பெண், இந்து. நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். படிப்பு முடியும்வரை லாத்தா எங்களோடு இருப்பதென்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அவளையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான் பாக்கி. வாப்பா எல்லாருக்கும் சாப்பிட முர்தபாகூட வாங்கி வைத்திருந்தார். நான் ஐந்து வேளையும் அதற்காகவே தொழுதிருந்தேன்; சுபுஹு மட்டும் சில நாள் தூங்கிப் போயிருந்தேன்.

"இங்கயே இருக்கிறியாம்மா? ஓகேவா?" என்று மிஸ் கேட்டார்.

லாத்தா தரையைப் பார்த்தபடி, "இன்ஷா அல்லாஹ், மிஸ்" என்றாள்.

மிஸ் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். "அப்புறம் என்ன, சாப்பிடுங்க லா, ஆறிடும்" என்று வாப்பா பொட்டலத்தைப் பிரித்தார். நான் லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். உம்மாவின் முகம் மட்டும் மாறிவிட்டது.

"எழுதாதீங்கம்மா. அவ வேணாங்கிறா."

"இப்பத்தானே சரின்னு சொன்னா?"

"இல்ல. பொம்மை வாங்கித் தரமாட்டேன்னு இந்தச் சின்னவகிட்ட நான் எப்படிச் சொல்வேனோ, அப்படியே சொல்றா. என்கிட்டதான் படிச்சிருக்கா."

"என்னம்மா நீ, இருக்கிறேங்கிற புள்ளைய நீயே வெளிய அனுப்புவ போல" என்றார் வாப்பா, பாதி விளையாட்டாக.

உம்மா விளையாடவில்லை. "எங்க வீட்டுல சாப்பிட்டுட்டு, எங்க முகத்தைப் பாத்து வேணாம்னு சொல்ல எந்தப் புள்ளைக்கு வாய் வரும்? நாங்க வெளிய நிக்கிறோம். நீங்க நிதானமாக் கேளுங்க. அவ வாயால என்ன சொன்னாலும் அதையே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, வாப்பாவையும் என்னையும் வீட்டு வாசலை ஒட்டிய நடைபாதைக்கு இழுத்து வந்துவிட்டார்.

ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. முதலில் லாத்தா வழக்கம்போலக் குனிந்திருந்தாள். மிஸ் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்ல லாத்தாவின் தலை நிமிர்ந்தது. வாய் அசைந்தது. கைகளும் சேர்ந்து பேசத் தொடங்கின. எங்கள் வீட்டில் ஒரு வருஷமாக நடமாடியது யார், இப்போது உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று திகைத்து நின்றேன். இத்தனை பேச்சை இறைவன் அவளுக்குள் வைத்திருந்தான், நாங்கள் அறியவில்லை.

கதவைத் திறந்தது லாத்தாதான். "உம்மா, இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல. தம்பி அங்க யார்கிட்டயும் பேசமாட்டேங்கிறான். நான் போனாத்தான் பேசுறான். அவன் இருக்கிற இடத்துல நானும் இருக்கணும்" என்றாள்.

உம்மா அவள் தலையில் கை வைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

மேலதிகாரிகள் கூடிப் பேசியபோது மிஸ் லாத்தாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவளையே சொல்லச் சொன்னாராம். அடுத்த மாதம் அவள் செங்காங்குக்குப் போய்விட்டாள். நான் வெகுநாள் உம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் துஆவை அல்லாஹ் ஏற்றுக்கொண்டான், உம்மாதான் குறுக்கே வந்து கெடுத்துவிட்டார் என்று உறுதியாக நம்பினேன். என்னைவிட அதிகமாக அழுது உம்மாவும் அதே துஆவைத்தான் கேட்டிருந்தார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்ல நினைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள். இரக்கத்துக்காக எதையும் கூட்ட வேண்டாம், அழகுக்காகக் குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, லாத்தா கதவருகே நின்று சொன்னதை அவள் சொன்னபடியே சொல்லுங்கள்.