ஆவியக்கா ஊர் சுற்றிக் காட்டிய நாள்

பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சலவைக்கூடத்தில், இருபத்தாறு வருஷமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். நாள் முழுக்க நீராவிக்குள் நிற்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ஆவியக்கா. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி, ‘கீழே ஆவி இருக்கு, கேட்டா விரிப்பு கொடுக்கும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு வாரம் படியிறங்க மறுத்த கதையை அவளே பெருமையாகச் சொல்வாள்.

அந்த ஊர்த் துறைமுகத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். ஆவியக்காவுக்கோ வீடு, பஸ், அடித்தளம், மறுபடி பஸ், வீடு. பஸ் பாலத்தின்மேல் ஏறும்போது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ரிப்பன் அகலத்துக்குத் தெரியும் நீலம்தான் அவள் பார்த்த கடல்.

ஆனால் போனில் பேச்சே வேறு. பள்ளிக்கூட நாளிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த தோழிகள் இரண்டு பேர். ஒருத்தி கணக்கு டீச்சர், இன்னொருத்தி அழகு நிலையம் வைத்திருப்பவள். இரண்டு பேரிடமும் வாராவாரம் அளந்து விடுவாள். “கலங்கரை விளக்கத்து மேலேருந்து பேசறேன்டி. என்னா காத்து! ஆளையே தூக்குது.” அந்தப் பக்கம் பெருமூச்சு விடுவது கேட்கும். ஆவியக்காவுக்கு மனசு குளிர்ந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை ரயிலில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள்.

“சாயங்கால வண்டிக்குத் திரும்பணும். ஒரே நாள்தான். நீ பார்த்ததை எல்லாம் காட்டிடு” என்றாள் டீச்சர்.

ஆவியக்காவுக்கு ஒரு இடத்துக்கும் வழி தெரியாது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். கூட்டம் போகிற பக்கம் போனால் ஏதாவது இருக்கத்தானே செய்யும்?

முதலில் ஒரு மணிக்கூண்டு வந்தது. கடிகாரம் ஐந்து ஐம்பதில் நின்றிருந்தது.

“இது ஏன் ஓடல?” என்று அழகு நிலையக்காரி கேட்டாள்.

“ஒரு கேப்டன், அஞ்சு அம்பதுக்குள்ள வந்துடறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுக் கப்பல் ஏறினான். வரல. அவ மேல ஏறி முள்ளையே பிடிச்சு நிறுத்திட்டா. மணி ஆனாத்தானே லேட்டுன்னாளாம்.”

“அவ்வளவு உயரத்துக்கு ஏணி ஏது?”

“கப்பல் ஏணி” என்றாள் ஆவியக்கா, கண் சிமிட்டாமல்.

அடுத்து ஒரு சிலை. கோட்டுப் போட்ட மனிதர் கையை நீட்டி எங்கோ காட்டிக்கொண்டிருந்தார். “இவர்தான் துறைமுகம் கட்டினவர். எதைக் காட்டறார் தெரியுமா? மாமியார் வீட்டை. அந்தப் பக்கம் மட்டும் கப்பலை விடாதேன்னு சொல்றார்.”

முதுகுக்குப் பின்னால் குபீரென்று சிரிப்பு. திரும்பினால், தொப்பியும் கேமராவுமாக ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆவியக்கா ஒரு கணம் திகைத்தாள். பிறகு குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள். டீச்சர் சிலைக்குக் கீழிருந்த பலகையைப் படிக்க வாயெடுத்தாள். அழகு நிலையக்காரி அவள் காலை மிதித்தாள்.

கிடங்குத் தெருவைத் தாண்டுவதற்குள் கூட்டம் பதினைந்து ஆகிவிட்டது. அதே தெருவில் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்து நடந்துகொண்டிருந்த அசல் வழிகாட்டி திரும்பிப் பார்த்தார். அவர் பின்னால் மூன்று பேர்தான் மிச்சம். அதில் ஒருவர் நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கலங்கரை விளக்கத்தின் வாசலில் அந்த வழிகாட்டி ஆவியக்காவை மடக்கினார். “அம்மா, உங்க லைசென்ஸைக் காட்டுங்க.”

அவளிடம் இருந்தது மருத்துவமனை அடையாள அட்டை. அவர் அதை வாங்கி உரக்கப் படித்தார். “சலவைப் பிரிவு!”

கூட்டம் அட்டையை எட்டிப் பார்த்தது.

“அந்தச் சிலை யாருன்னு தெரியுமா? இந்த ஊருக்குச் சாக்கடை கட்டின இன்ஜினியர். அவருக்குக் கல்யாணமே ஆகல!”

“அதான் முகத்துல அவ்வளவு நிம்மதி” என்றாள் அழகு நிலையக்காரி.

கூட்டம் மறுபடி சிரித்தது. ஆவியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தோழிகளைப் பார்த்து, “இன்னைக்குத்தான்டி முதல் தடவையா இங்க வரேன். நான் எங்கேயும் ஏறல, எதையும் பார்க்கல. எல்லாம் புளுகு” என்றாள்.

“தெரியுமே” என்றாள் டீச்சர். “நீ கலங்கரை விளக்கத்துல காத்து வாங்கினப்போ பின்னாடி குக்கர் விசில் அடிச்சுது.”

“நாலு விசில். எண்ணினோம்” என்றாள் அழகு நிலையக்காரி.

“அப்புறம் ஏன்டி வாராவாரம் கேட்டீங்க?”

“நல்லா இருந்துச்சுல்ல! நாங்க நேர்ல வந்து நின்னா நீ எப்படிச் சமாளிக்கறேன்னு பார்க்கத்தான் டிக்கெட் எடுத்தோம்.”

ஆவியக்கா கைப்பையால் இருவர் முதுகிலும் ஆளுக்கொன்று வைத்தாள். குடைக்காரருக்கே கோபம் போய்விட்டது. அட்டையைத் திருப்பிக் கொடுத்து, “வந்தது வந்தீங்க, ஏறுங்க. மேலே நான் பேசறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது” என்றார்.

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. இருநூற்றுச் சொச்சம் படி ஏறி மூச்சிரைக்கக் கம்பியைப் பிடித்து நின்றவள், கடலைப் பார்த்ததும் பேச்சையே மறந்தாள். கரை ஒன்றைத் தவிர அதற்கு எந்தப் பக்கமும் ஓரமே இல்லை. குடைக்காரர் உயரம், வருஷம், விளக்கின் எடை என்று என்னென்னவோ சொன்னார். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. “இதுக்கு ஒரு கதை சொல்லேன்டி” என்று தோழி இடித்தபோது, “சும்மா இரு” என்றாள்.

தோழிகள் ரயிலேறிய மறுநாளே, கேட்பவளாக, குடைக்காரர் கூட்டத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரம்தான் அடக்கமாக இருந்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

“இத்தனை கப்பல் வந்துச்சே சார், அந்த மாலுமிங்க துணியெல்லாம் யார் துவைச்சாங்க?”

முப்பது வருஷத்தில் அவரை யாரும் அதைக் கேட்டதில்லை. ஒரு வாரம் நூலகத்தில் பழைய பதிவேடுகளைப் புரட்டிவிட்டு வந்தார். கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு தெரு முழுக்கச் சலவைக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். துவைகல் ஒன்று இன்னமும் அங்கே கிடக்கிறது. இப்போது அவர் கூட்டம் அங்கேயும் நிற்கிறது. கஞ்சி போடுவதைப் பற்றி அவர் ஏதாவது தப்பாகச் சொன்னால், அத்தனை பேர் முன்னாலும் ஆவியக்கா திருத்துகிறாள். அவர் குடையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்கு டீ குடிக்கப் போய்விடுகிறார்.