எஸ்தரம்மாவின் மவுஸ் சக்கரம்

கம்பம் ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்தரம்மாவின் மகன் பேசினார். "அம்மா காலையில கர்த்தர்கிட்ட போயிட்டாங்க மாமா" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். இனி அந்த ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு முன்னால் நான் தனியாக உட்கார வேண்டும்.

சக்குபள்ளத்தில் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்து ஆபீஸில் எஸ்தரம்மா கிளார்க், நான் ஸ்டோர்கீப்பர். அவரைப்போல் பயந்தவரை நான் பார்த்ததில்லை. ஜீப் வளைவில் திரும்பினால் கண்ணை மூடி ஜெபிப்பார். வானம் இருட்டினாலே கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கேலி செய்வேன். "பேய் வராட்டி சந்தோசம். வந்தா நான் ரெடியா இருப்பேன்லா அண்ணே" என்பார். எதையும் மாற்றுவதற்கு முன் நகல் எடுத்து வைப்பதும் அந்தப் பயத்தில் வந்த பழக்கம்தான்.

சில வருடங்களுக்கு முன் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. வேலையாட்களின் பெயர்ப்பட்டியல் திரையில் நீளமாக இறங்கும். ஓரத்து மெல்லிய பட்டையைப் பிடித்து இழுக்க அவரால் முடியவில்லை. பிடி நழுவி ஒருவருடைய வருகை இன்னொருவர் பெயரில் விழுந்தது. மேனேஜர் கண்டித்தார். கை நடுங்குவது மேனேஜருக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போகும், கூடவே தோட்டத்துக் குவார்ட்டர்ஸும் போகும்.

சக்கரம் வைத்த மவுஸ் ஒன்றை எஸ்தரம்மாவே வாங்கி வந்தார். திரையில் அம்பு நகர்ந்தது, சக்கரம் மட்டும் சும்மா சுற்றியது. எங்கள் கம்ப்யூட்டரில் ஓடியது பழைய லினக்ஸ். மவுஸ் எந்த வகை என்று சொல்லும் கோப்பில் சில வரிகளை மாற்ற வேண்டும், தப்பானால் திரையே வராது என்று மகன் சொல்லியிருந்தார்.

மேனேஜர் கம்பம்மெட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், எஸ்தரம்மா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கம்ப்யூட்டரை மறுபடி போட்டதும் திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் ஓடி நின்றன. எல்லோருடைய பெயரும் அதற்குள் இருந்தது. கீழ் வளைவில் மேனேஜரின் ஜீப் சத்தம் கேட்டது. நான் கீபோர்டில் கை வைத்தேன்.

"அண்ணே, உங்க கையும் ஆடுது" என்றார். "ஆடிக்கிட்டே அடிங்க. பழசு பத்திரமா இருக்கு."

அவர் எடுத்து வைத்திருந்த நகலைத் திரும்ப வைத்தோம். திரை வந்தது. முதலில் அடித்ததில் ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டது அப்போதுதான் தெரிந்தது. போதும் சாமி என்று நான் எழுந்தேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இந்தச் சக்கரம் ஓடலைன்னா நான் எங்க போவேன்? இன்னொருக்கா அடிங்கண்ணே."

அடித்தேன். இந்த முறை திரை வந்தது. ஜீப் வாசலில் நின்றபோது எஸ்தரம்மா சக்கரத்தில் விரல் வைத்து உருட்டினார். பெயர்கள் கீழிருந்து மேலே ஏறின. நடுங்கும் விரலாலும் அந்த அளவு வேலை செய்ய முடிந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். கடைசிக் காய்ச்சலில் படுக்கும்வரை எஸ்தரம்மாதான் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டார்.

நேற்று அடக்கம் முடிந்து வந்ததும் அவர் பெயரை நீக்கச் சொன்னார்கள். சக்கரத்தை உருட்டினேன். அவர் பெயர் வந்து நின்றது. முதலில் ஒரு நகல் எடுத்தேன். பிறகுதான் நீக்கினேன்.

போய் வாருங்கள், எஸ்தரம்மா. பழசு பத்திரமாக இருக்கிறது.