எத்தனை நாள் ஓடும்?

லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்குச் சூடு காட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, மழுப்பவும் தெரிய வேண்டும். ஓசூரில் பத்து வருடமாக இரண்டையும் செய்து வந்தவன் நான். மதர்போர்டில் சிப்புக்கு அடியில் கடுகைவிடச் சின்னதாக ஈயக் குண்டுகள் இருக்கும். அவை விரிசல் விட்டால் லேப்டாப் ஆன் ஆகாது. சூடான காற்றை அளவாக ஊதினால் குண்டுகள் இளகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். ரீஃப்ளோ என்பது இதுதான். ஒட்டியது எத்தனை நாள் நிற்கும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் படும் பாடு புரியும்.

சால்வை வைத்தியம்

சிப்காட்டில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர் லேப்டாப்பைச் சால்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். வழியில் அடிபடாமல் இருக்க என்று நினைத்தேன். விசாரித்தால், ஒரு மாதமாக அதை அப்படித்தான் ஓட்டுகிறாராம். காலையில் பட்டனைத் தட்டி, சால்வையால் மூடிக் கால் மணி நேரம் விட்டால் சூடேறி ஆன் ஆகிவிடுமாம். இன்னும் கொஞ்ச நாள் போர்த்தினால் போர்டே கருகிவிடும் என்றேன். அவர் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஓசூர் குளிருக்கு எனக்கே போத்திக்கிட்டாத்தான் சார் ஆவுது. அதை மட்டும் என்னன்னு குத்தம் சொல்றது?"

மூன்று பாஷையில் ஒரே கேள்வி

சரிசெய்து கையில் கொடுத்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். "எத்தனை நாள் ஓடும்?" அத்திப்பள்ளிக்காரர் அதையே கன்னடத்தில் கேட்பார், பாகலூர்க்காரர் தெலுங்கில் கேட்பார். நல்லா பார்த்துக்கிட்டா நல்லா ஓடும் என்று மூன்று பாஷையிலும் மழுப்ப எனக்கு வரும்.

பாகலூரில் ரோஜா பயிரிடும் விவசாயி ஒருவர் அதே லேப்டாப்பை மூன்றாவது முறையாகக் கொண்டுவந்தார். கோபப்படவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மெதுவாகத்தான் சொன்னார்: "பூவு மூணு நாளுதான் நிக்கும்னு சொல்லித்தான் சார் நாங்களே லாரி ஏத்தறோம்."

கண் அளவு

செல்விக்கு மத்தூர் பக்கம். ஓசூரில் ஹாஸ்டலில் தங்கி, சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். அவளும் அறைத் தோழிகள் மூவரும் அரசு வேலைத் தேர்வுக்குப் பாடம் பார்ப்பது ஒரே லேப்டாப்பில். அது படுத்துவிட, என் கடைக்குக் கொண்டுவந்தாள். தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. நான்கு பேருக்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் அதற்குள் முடிந்துவிடும். அதற்கப்புறம் கையில் வேலை இல்லை.

நான் சூடு காட்டுவதைப் பக்கத்திலேயே நின்று கவனித்தாள். எத்தனை டிகிரி, எத்தனை செகண்டு என்று கேட்டாள். எல்லாம் கண் அளவுதான் என்று கெத்தாகச் சொன்னேன். அவளுக்குக் கம்பெனியில் வேலையே ரீஃப்ளோ ஓவனில்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? "எங்க லைன்ல கண் அளவுன்னு சொன்னா, அன்னைக்கே கேட்டுக்கு வெளிய நிக்கணும் சார்."

முதல்முறையாக உண்மை

லேப்டாப் ஆன் ஆனது. எத்தனை நாள் ஓடும் என்று அவளும் கேட்டாள். அவளிடம் மழுப்ப எனக்கு வாய் வரவில்லை. சிப்பே கெட்டிருக்கிறது, புதுசு மாற்ற வேண்டும், அது வந்து சேர்வதற்குள் தேர்வே முடிந்துவிடும், இது நாளைக்கே நின்றாலும் நிற்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. ஏன்தான் சொன்னோமோ என்று எனக்கு ஆகிவிட்டது. அந்த இரண்டு மாதமும் போன் அடித்தாலே அவளாக இருக்குமோ என்று பயந்தேன்.

தேர்வு முடிந்த மறுநாள் வந்தாள். லேப்டாப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது நிதானமாகச் சிப்பை மாற்றிக் கொடுங்கள் என்றாள். அன்றைக்கு உன்னை வீணாகப் பயமுறுத்திவிட்டேனம்மா என்றேன். அவள் சிரித்தாள். "நாளைக்கே நின்னுடும்னு நீங்க சொன்னதாலதான் சார் நாலு பேரும் ஒருநாள் விடாம படிச்சோம். ஓடும்னு சொல்லியிருந்தா படம் பாத்திருப்போம்."

அன்றிலிருந்து வருகிற எல்லாரிடமும் உண்மையையே சொல்கிறேன், அவர்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆறு மாதம் கேரண்டி தரும் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள்.